இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவே

கடல் நன்றாக உறைந்த வருடங்களில்
ஹீயுமா தீவிலிருந்து கரைக்குச் சாலை திறக்கிறார்கள்,
பனிக்கட்டிமேல் இருபத்தாறு கிலோமீட்டர்.
தொடக்கத்தில் ஒரு பலகை:
சீட் பெல்ட் போடாதீர்கள்.
இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவே ஓட்டாதீர்கள்.
மெல்லப் போனால் தாங்கும், விரைந்தாலும் தாங்கும்.
இரண்டுங்கெட்டான் வேகத்தில்தான்
அடியில் நீர் அலைகட்டி எழுந்து உடைக்கும்.

ஊர்மஸ் ஓட்டுகிறான். என் உரிமத்தை வாங்கி வைத்துவிட்டார்கள்.
ஏழாம் மாதம்.
பெல்ட் பக்கத்தில் தொங்குகிறது, நாக்கு நீட்டினாற்போல.
பனி பிளந்தால் கதவைத் திறந்து குதிக்க வேண்டுமாம்.
குதிக்கிற ஆளா நான்?
இந்தத் தீவின் பழைய ஆட்கள்
வலிப்புக்கு வைத்த பெயரே விழுநோய்.

செப்டம்பரில் ஒரு காரியம் செய்தேன்.
மருந்துப் பெட்டிக்குள் பதினாறாய் மடித்த தாள்,
விரித்தால் மேசையை மூடும்.
அதில் கர்ப்பிணிகளுக்கான பத்தியை
மூன்று இரவு படித்தேன்.
நான்காம் இரவு ரொட்டிக் கத்தியால்
மாத்திரையை இரண்டாக்கினேன்.
பாதி எனக்கு, பாதி குப்பைக்கு.
பிள்ளைக்கு நான் தரும் முதல் பரிசு
அந்தக் குப்பையில் கிடக்கிறது என்று நினைத்தேன்,
முட்டாள்.

ஒன்பதாம் நாள், கூட்டுறவுக் கடையில்,
ரப்பர் கருகும் வாசனை.
எனக்கு மட்டும் வருகிற வாசனை அது.
கூடையைக் கீழே வைக்க நேரமிருந்தது.
பிறகு
உடைந்த மீன் ஜாடி, உப்புநீர்,
யாரோ தலைக்குக் கீழே தள்ளிய உருளைக்கிழங்குச் சாக்கு.
முட்டை உடைந்ததா என்றுதான் முதலில் கேட்டேனாம்.
அப்புறம்தான் வயிற்றைத் தொட்டேனாம்.
அந்த வரிசையை
இன்றுவரை யாருக்கும் நான் விளக்கவில்லை.

டாக்டர் லெம்பித் திட்டவில்லை.
தாளின் ஓரத்தில் இரண்டு கோடு போட்டார்.
வயிறு ஏற ஏற
இரத்தத்தில் மருந்து இறங்குமாம்.
உடம்பே அதைக் கழுவித் தள்ளுமாம்.
"நீங்கள் குறைத்தீர்கள். அதுவும் குறைத்துக்கொண்டிருந்தது."
இனி மாதம் ஒரு குழாய் இரத்தம்,
அதைப் பார்த்து மாத்திரை கூடும்.
இதில் ஆபத்தே இல்லையா என்றேன்.
"இந்த மருந்தில் சிறியது. பூஜ்யம் என்று சொல்ல
என்னிடம் எண் இல்லை.
நீங்கள் விழுவதற்கு இருக்கிறது."
பூஜ்யம் இல்லை என்றாரே,
அதனால்தான் நம்பினேன்.

வாயும் வயிறும் வேறில்லாத மாதங்கள்.
நான் விழுங்குவதை அவளும் விழுங்குகிறாள்,
நான் விழுந்தால் அவளும்.
முள் பதினெட்டில் நிற்கிறது.
தூரத்தில் பனி ஒருமுறை முழங்கியது,
இரும்புக் கதவை யாரோ அறைந்தாற்போல.
உள்ளே ஓர் உதை.
பதிலா தற்செயலா, தெரியாது.
ஊர்மஸ் மூச்சுவிட மறந்திருந்தான்.

பனி உடைந்து படகுகள் ஓடத் தொடங்கியபின் பிறந்தாள்.
அவன் சாதெ என்று பெயர் வைக்கலாமென்றான்,
தீப்பொறி என்று பொருள்.
இந்த வீட்டில் பொறி பறந்தது போதும் என்றேன்.
வில்யா. தானியம்.

இப்போது மாத்திரை இறங்குமுகம்,
ஏறிய படிகளிலேயே, டாக்டர் சொல்கிற வேகத்தில்.
பாலிலும் கொஞ்சம் போகும், கொடுங்கள் என்றாள் செவிலி.
உறிஞ்ச மறுத்தால், தோல் தடித்தால்,
எழுப்பியும் எழாமல் தூங்கினால் கூப்பிடுங்கள்.
தொட்டில் தவிர எங்களுக்கு எல்லாம் தரையில்தான்:
துணி மாற்றுவது, பால் கொடுப்பது, கொஞ்சுவது.
குளிப்பாட்ட ஊர்மஸ் வரவேண்டும்.
இரவு இரண்டு மணிப் பால் அவன் பங்கு,
நான் கறந்து வைத்த புட்டியில்.
உறக்கமும் எனக்கு மருந்துச் சீட்டில் எழுதியதே.
இருந்தும் அவள் அழுதால் விழித்துக் கிடக்கிறேன்,
சுவருக்கு இந்தப் பக்கம், மார்பு கசிய,
திருடியைப் போல.

காலை எட்டு. அலாரம்.
ஒரு கையில் தண்ணீர், மறு கையில் அவள்.
விழுங்கிவிட்டேன்.
அவள் குடித்து முடித்துத் தூங்குகிறாள்.
அளவாகவா, அதிகமாகவா?
உள்ளங்காலைச் சுரண்டுகிறேன்.
முகம் சுளித்து,
திட்டுவதுபோல் ஒரு சத்தம்.

சரி சரி. தூங்கு.