ஐம்பது ரூபாயின் நிறம்

முதலில் கண்ணாடியைத்தான் குறை சொன்னேன்.
வருடத்துக்குள் மூன்று தடவை மாற்றினேன்;
பழைய கூடுகள் லாச்சிக்குள் கிடக்கின்றன.
பிறகு ஓட்டோவின் முன்கண்ணாடியை:
எவ்வளவு துடைத்தும் போகாத புகை.

காலி வீதியில் இரவுச் சவாரி.
எதிரே வருகிற ஒவ்வொரு லைட்டும்
வெடித்து, வட்டம் போட்டு நின்றது.
மழை பெய்து விட்டால் வீதியே இல்லை,
வெளிச்சம் மட்டும்தான்.

வெள்ளவத்தைச் சந்தையடியில்
மிச்சக்காசு ஐம்பது என்று
ஆயிரத்தை நீட்டியிருக்கிறேன்.
நல்ல மனுசன், திருப்பித் தந்தார்.
நீலமும் பச்சையும் எனக்கு
ஒரே தேத்தண்ணிக் கலர்.

வலி இல்லையே என்று இருந்தேன்.

பம்பலப்பிட்டி மஞ்சள் கோட்டில்
வெள்ளைச் சீருடை ஒன்று
பஸ் வெளிச்சத்துக்குள் கரைந்து போயிற்று.
பிரேக்கைக் கண்டுபிடித்தது கால்தான், கண் இல்லை.
பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை,
டியூசன் கொப்பியோடு நடந்து போனாள்.
அன்றிரவு பவளராணியிடம் திறப்பைக் கொடுத்து
ஒளித்து வை என்றேன்.

"முத்தட்டும் என்று பார்த்திருந்தேன், டொக்டர்."
"முத்துறதுக்கு இதென்ன மாங்காயா?
என்ன வேலை செய்யிறீங்கள்?"
சொன்னேன்.
பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.
"அப்ப போன வருசமே வந்திருக்க வேணும்."

வலக்கண் முடிந்து இன்றோடு இருபது நாள்.
இடது அடுத்த மாதம்.
மேசையில் ஐம்பது ரூபாத் தாளை விரித்து
ஒரு கண்ணைப் பொத்துகிறேன், மற்றதைப் பொத்துகிறேன்.
நீலம்.
தேத்தண்ணி.
நீலம்.

"காசோட என்ன விளையாட்டு" என்கிறாள் பவளராணி.
திறப்பு இன்னும் அவளிடம்தான்.