ஐநூறு எழுத்துக்குள்

பந்தலூரில் நாலு நாளாகக் கரண்ட் சரியில்லை.
இன்று மாலை ஆறு மணியோடு
கருத்துச் சொல்லும் காலம் முடிகிறது.
குடிமக்களின் உரிமை, கடமை: சீர்திருத்த வரைவு.
தொண்ணூற்றி நாலு பக்கம்.
நான் படித்தது முப்பது. மீதியை
ஜெராக்ஸ் ஓடும்போது ஓரக்கண்ணால்.

ஒரு கருத்துக்கு முப்பது ரூபாய் வாங்குகிறேன்.
ஐநூறு எழுத்துக்கு மேல் பெட்டி ஏற்காது.
அதன் கணக்கு நம் கணக்கில்லை.
புள்ளியைத் தனியே எண்ணும்,
கொம்பைத் தனியே, துணைக்காலைத் தனியே.
பள்ளிக்கூடத்தில் உரிமை மூன்றெழுத்து, கடமையும் மூன்றெழுத்து.
இங்கே கடமைக்கு நாலு, உரிமைக்கு ஐந்து.
யாரும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள்.

முதலில் மளிகைக்கடை பீரான்.
மின்சாரத்தை வீணாக்காமை குடிமகன் கடமை
என்ற வரியை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.
"எழுதிக்கோ. எங்க வீட்ல நாப்பது வருசமா
ஒரு யூனிட்டும் வீணானதில்ல.
பதினேழாம் பிரிவு நிலம்னு
கம்பி இழுக்கவே விடலை."
பாதிப் பெட்டிகூட நிரம்பவில்லை.
மிச்ச எழுத்தை அடுத்தவருக்குத் தரலாமா என்று கேட்டார்.

ஓட்டுப் போடாவிட்டால் ஐநூறு ரூபாய் தண்டம்.
பொக்கி கேட்டாள்:
"கொம்பன் வழியில நின்னா தண்டம் யாருக்கு?"
நான் சிரித்துவிட்டேன்.
அவள் சிரிக்கவில்லை.
போன தேர்தலில் ஓட்டுப் போட்டுத் திரும்பிய அவள் கொழுந்தனை
விரலில் இருந்த மையை வைத்துத்தான்
அடையாளம் சொன்னார்களாம்.
அதை எழுத வேண்டாம் என்றாள்.
கேள்வியை மட்டும் எழுதினேன்.

ஓய்வுபெற்ற ஹவில்தார் போஜனுக்கு
வரைவு முழுக்கப் பிடித்திருந்தது.
"ஒழுங்கு வேணும்மா. இன்னும் கடுமையாக்கணும்."
பச்சை மையில் அவரே எழுதி வந்திருந்தார்.
கடைசியில் ஒரு வரி:
தாசில்தார் இருக்கையில் இருப்பதையும்
கடமைப் பட்டியலில் சேர்க்கவும்.
அந்த வரியில் ஓர் எழுத்தும் நான் குறைக்கவில்லை.

ஐந்து நாற்பதுக்கு சன்னாசி வந்தார்,
தேயிலைக் கழகத்தில் ஓய்வு பெற்றவர்,
சட்டைக்குள் பிளாஸ்டிக் கவர்.
வருடத்துக்கு நாற்பது மணி நேரப் பொதுச்சேவை,
அதற்கொரு புத்தகம், அதில் முத்திரை.
அவர் மெதுவாகச் சொன்னார், நான் வேகமாகத் தட்டினேன்.

மதிப்பிற்குரிய ஐயா
தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாம் வந்து
இந்தச் சரிவில் காடு வெட்டி செடி வைத்தேன்
இருபத்தொன்பது வருடம்
லைன் வீடு இன்னும் என் பேரில் இல்லை
அந்த மணி நேரத்தை எந்தப் புத்தகத்தில் ஒட்டுவது.

சொல்ல நிறைய இருந்தது. பெட்டி சிவந்தது.
மதிப்பை எடுத்தேன்.
கப்பலை எடுத்தேன், அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.
"செடி வச்சது யாருன்னு விளங்கணும்,
நான்னு முன்னாடி போடு தாயி."
நான் என்பதற்கு நாலு எழுத்து.
ஐயாவைத் தூக்கினால் மூன்றுதான் கிடைக்கும்.
"ஐயா போயிட்டா கோவிச்சுக்க மாட்டாங்களா?"
தெரியவில்லை என்றேன்.
கடைசியில் முற்றுப்புள்ளியையும் பிடுங்கி
அவரை உள்ளே வைத்தேன்.

ஐந்து ஐம்பத்தெட்டு.
வட்டம் சுற்றியது. மஞ்சு ஷட்டர்வரை வந்துவிட்டது.
கடைசி ஜீப்காரர் பொக்கியின் பேரைச் சொல்லி ஹாரன் அடிக்கிறார்.
பெறப்பட்டது, கீழே பதினேழு இலக்கம்.

எனக்கென்று ஒரு கருத்து இருந்தது.
மணி பார்க்கையில் ஆறு ஒன்று.

"ரசீது உண்டா தாயி?"
அச்செடுக்க அஞ்சு ரூபாய் என்றேன்.
சில்லறை எண்ணி வைத்தார்.
பிளாஸ்டிக் கவரைப் பிரித்து,
முகாம் அட்டைக்கும் குடும்ப அட்டைக்கும் நடுவே
அதை மடித்து வைத்தார்.
"இதுவும் இருக்கட்டும்" என்றார்.
"எப்பவாவது கேப்பாங்க."