நாற்பத்தோராம் நிமிடம்

மொந்தெவிதேயோவில்
புனித வாரத்துக்குச் சுற்றுலா வாரம் என்று பெயர்.
அந்த வாரம் டிவியில் தவறாமல் அந்தப் படம் வரும்.
வீடியோ வாங்க வக்கில்லை.
ஒன்பது வயதில்
டேப் ரிக்கார்டரை டிவி முன் நிறுத்தி
முழுப் படத்தையும் காதுக்குப் பிடித்துவைத்தேன்.

கேசட்டின் முதல் பக்கம் தீரப்போகும் இடம்.
சாகக் கிடக்கும் கலங்கரை விளக்குக்காரனிடம்
பாதிரியார் கேட்பார்:
"நம்புகிறாயா, மகனே?"
உடனே அடுக்களையிலிருந்து அம்மா:
"சூப் ஆறுது, தெல்மோ!"

இருநூறு தடவையாவது கேட்டிருப்பேன்.
வசனமே அதுதான் என்றுகூடக்
கொஞ்ச காலம் நினைத்திருந்தேன்.

நேற்று திரைப்படக் காப்பகத்தில்
கீறல் நீக்கிய பிரதி.
நெலிடா வரவில்லை, முழங்கால் வலியாம்.
பாதிரியார் குனிந்தார், கேட்டார்.
விளக்குக்காரன் வாய் திறக்கவில்லை.
அலைகூட இல்லை.
அவ்வளவு துடைத்த மௌனத்தை
ஒரே ஒரு தரம்தான் கேட்டிருக்கிறேன்:
போன ஆகஸ்டில், பதினோராம் எண் கட்டிலருகே.
ஜெபிக்க வந்தவரை முந்தின நாள்தான்
"வேற வேலை இல்லையா" என்று
துரத்தியிருந்தாள்.

முன்வரிசையில் இரண்டு தலைகள் திரும்பின.
சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல:
"இதோ வர்றேம்மா."