கையொடிந்த ர

டிமிஷோவாராவில் ஜனவரிதோறும்
தட்டச்சு இயந்திரங்களைத் தூக்கிக்கொண்டு
ஜனங்கள் என் மேசைக்கு வருவார்கள்,
காய்ச்சல் கண்ட பிள்ளைபோல் போர்வையில் சுற்றி.
எல்லா எழுத்தையும் ஒருமுறை அடிக்கச் சொல்வேன்.
தாளில் முத்திரை குத்துவேன்.
அதற்குத்தான் சம்பளம், எப்போதாவது பன்றிக்கால்.

வெட்டூரியா லிபோவான் கொண்டுவந்தது ஒரு பழைய எரிகா.
அதில் 'ர'வுக்குக் கை ஒடிந்திருந்தது.
கீழே போட்டீர்களா என்றேன்.
பிறவியிலேயே அப்படி என்றாள்.
தொழில்: கூட்டுறவு ஸ்டூடியோ, அடையாள அட்டைப் படம்.

மார்ச்சில் டிராம் இருக்கைகளுக்கு அடியில்
கவிதைகள் கிடைத்தன,
வெங்காயத்தோல் தாளில் கார்பன் நகல்கள்.
மேலதிகாரி பூதக்கண்ணாடி கொடுத்தார்.
மூன்று நாள் பார்த்தேன். பதினான்கு கவிதைகள்.
ஒன்றில்கூட 'ர' இல்லை.

யோசித்துப் பாருங்கள்.
எங்கள் மொழியில் குளிருக்கு அந்த எழுத்து வேண்டும்.
மரத்துக்கு, மரணத்துக்கு, சூரியனுக்கு வேண்டும்.
நாட்டின் பெயருக்கு வேண்டும்.
அவள் பெயருக்கே வேண்டும்.
மிஞ்சியதை வைத்துக்கொண்டு எழுதியிருந்தாள்:

    பனி வந்து ஜன்னலில் நின்றது.
    என்ன வேண்டும் என்றேன்.
    நீ ஒளித்து வைத்த எழுத்தைத் தா என்றது.
    கதவைத் திறக்கவில்லை.
    அடுப்பு அணைந்துவிட்டது.

இயந்திரத்தை அடையாளம் காண இயலவில்லை என்று எழுதினேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
அன்று எனக்குப் பல்வலி.

மே மாதம் என் அட்டை காலாவதி.
அவளுடைய முக்காலியில் உட்கார்ந்தேன்.
நாடியை உயர்த்துங்கள், காதைக் காட்டுங்கள், அசையாதீர்கள்.
கிளிக்.
முடிந்தது என்றாள்.
மூச்சை விட்டேன்.
அப்போது இன்னொரு கிளிக், மிக மெல்ல,
யாரோ அடுத்த அறையில் விரல் சொடுக்கியதுபோல.

இலையுதிர்காலத்தில் என்னை அனுப்பினார்கள்.
ஃபாப்ரிக் பகுதி, நான்காம் மாடி,
ஒரு சமையலறையில் பதினொரு பேர்.
திரை, குளிர்பதனப் பெட்டியின் கதவு.
உள்ளே வைக்க எதுவுமில்லை, வெளியே வைக்கிறோம் என்றான் ஷிவ்கோ.
யாரும் சிரிக்கவில்லை, முன்பே கேட்ட நகைச்சுவை.
எட்டு மணிக்கு மின்சாரம் போனதும்
சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி
டைனமோவுக்காக மிதியைக் கையால் சுற்றினார்கள்.
கை சோர்ந்தால் படம் மங்கும்.

எட்டு மில்லிமீட்டர். கதை இல்லை, ஒலி இல்லை.
முடிந்தது என்ற சொல்லுக்குப் பிறகான முகங்கள் மட்டும்.
உதடு தொங்க ஒரு கொதிகலன் தொழிலாளி.
திடீரென்று அழகாகிவிட்ட பள்ளி ஆசிரியை.
கொட்டாவியின் பாதியில் கர்னல் ஒருவர்,
ஏழு வயதில்.
பிறகு நான்.
மூன்று வினாடி.
அந்த முகத்தை என் மனைவி பார்த்ததில்லை.
பெட்டியின் கைப்பிடி என் கன்னத்திலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது.

இருட்டில் வெட்டூரியாவின் குரல்:
"இப்போது உங்கள் முறை, தோழர்."
எழுந்து போய்ச் சுற்றினேன்.

அறிக்கை: மின்தடை, ஒன்றும் காணவில்லை.

அந்தப் பொய் என்னைக் கழுவாது.
அதற்கு முன்னும் பின்னும் நாற்பத்தோரு அறிக்கைகள்,
சுத்தமான இலக்கணத்தில்,
எல்லா எழுத்துகளும் வைத்து எழுதியிருக்கிறேன்.
ஒன்று ஷிவ்கோவைப் பற்றியது.

எண்பத்தெட்டில், குளிரில், நுரையீரலால் போனாள்.
படச்சுருளில் பாதியை அத்தை மகன் யாரோ
பால்கனித் தக்காளிச் செடிகளைக் கட்டப் பயன்படுத்தினானாம்.
மீதி எங்கே என்று தெரியாது.
எரிகாவைப் பல வருஷம் கழித்துப் பழைய சந்தையில் பார்த்தேன்.
இரண்டு பாக்கெட் சிகரெட் விலை. பேரம் பேசவில்லை.

இன்று அதில் அவள் பெயரை அடித்துப் பார்த்தேன்.
நடுவில் 'ர' கையில்லாமல் நின்றது.
தாளை உருவி எடுத்ததும்
பழக்கதோஷம்,
என் கை
முத்திரையைத் தேடிப் போனது.