அம்ப்டீன்

முதுநகர் தபாலாபீஸ் எதிரே என் ஜெராக்ஸ் கடை.
இங்கிலீஷ் கடிதம் படித்துச் சொல்ல பத்து ரூபாய்,
பதில் அடித்துக் கொடுக்க முப்பது.

சோனாங்குப்பத்து அஞ்சலாட்சி
ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு
பேங்க் கடிதத்தை நீட்டுகிறாள்.
மீன் கூடைக்கு வாங்கிய லோன்.
மூன்றாவது வரியில் விரல் வைக்கிறாள்,
காகிதத்தில் ஒரு செதில் ஒட்டிக்கொள்கிறது.
"இது எத்தினி?"

அம்ப்டீன் முறை நினைவூட்டியும்
தாங்கள் தவணை செலுத்தாத காரணத்தால்...

"அது நம்பர் இல்லக்கா. பல தடவைன்னு அர்த்தம்."
"எம் பொண்ணு சொன்னாளே,
தர்ட்டீன், போர்ட்டீன்னு டீன்ல முடிஞ்சா
பதிமூணுலேருந்து பத்தொம்போதுக்குள்ளன்னு?"

வால் மட்டும்தான் எண்.
தலை, கணக்கை மறந்தவன்
வாய்க்குள் மெல்லும் ஒரு முனகல்.
இதை எப்படிச் சொல்ல?
எக்கச்சக்கம் என்போம், ஏகப்பட்டது என்போம்,
வலை கனத்தால் கொள்ளை மீன் என்போம்.
அதெல்லாம் எண்ணைப்போல் உடுத்திக்கொண்டு
பேங்க் லெட்டரில் வந்து உட்காராது.

மஞ்சப்பையைக் கவிழ்க்கிறாள்.
ரேஷன் அட்டை, பாதி தின்ற மாத்திரைப் பட்டை,
எந்தப் புயலுக்கோ தந்த நிவாரண டோக்கன்,
பேங்க் கடிதம் இரண்டு.
"இதோட மூணு.
நூறு சங்கரா எண்ணிப் போட்டதுல
நாலு கொறைஞ்சா என் கையே சொல்லும்.
மூணுக்கு இங்கிலீஷ்ல பேரு இல்லியா?"

இருக்கிறது.
கடிதத்தின் அடியில் பார்க்கிறேன்:
பாக்கி நாற்பத்தோராயிரத்து முந்நூற்று
எண்பத்தாறு ரூபாய் ஐம்பது காசு.
காசு வரைக்கும் எண்ணத் தெரிந்திருக்கிறது.

"அப்ப நானும் அம்ப்டீன் தவணை
கட்டிட்டேன்னு அடி."
சிரிக்காமல்தான் சொன்னாள்.
கட்டியது ஒன்பது. பாஸ்புக்கில் ஏறியது ஏழு.
மீதி இரண்டை வாங்கிப்போன பைக்காரப் பையன்
சீட்டு எதுவும் தரவில்லை.

ஒன்பது என்று அடித்து அடிக்கோடிடுகிறேன்.
வந்த கடிதம் மூன்று, அதற்கும் ஒரு கோடு.
பிரிண்டர் இழுத்து இழுத்து யோசிக்கிறது.

"சீக்கிரம்ப்பா. துறைமுகத்துல எனக்கு
ஆயிரத்தெட்டு வேலை கெடக்குது."

ஆயிரத்தெட்டு.
நான் எதுவும் கேட்கவில்லை.
சூடாக வந்த காகிதத்தை
இரண்டாக மடித்து அவளிடம் தருகிறேன்.