உருளைக்கிழங்கு விலை

பீச் ரோட்டில் அந்தப் பழைய கட்டடம்.
மின்தூக்கி ஐந்தாம் மாடியைத் தொடும்வரை
மசாஜ் தைலமும் பொரித்த மீனும்
எங்களோடு ஏறி வந்தன.
"படம் எந்த ஊரு?" என்றாள் தமயந்தி.
"ஜார்ஜியா."
"அமெரிக்காவா?"
"அது வேற, இது வேற."
"ரெண்டு இருக்கா" என்றவள்
கைப்பைக்குள் ஒளித்த முறுக்கு
நொறுங்கவில்லையே என்று தடவிப் பார்த்தாள்.

ஜி ஏழு, ஜி எட்டு.
தலைக்குப் பதினைந்து வெள்ளி.
எனக்கு முன்னால் கொண்டை போட்ட இளைஞன்.
கொண்டையில் ஒரு பென்சில்.
படம் முடியும்வரை
எல்லா மலைகளின் உச்சியிலும்
யாரோ நட்டுவைத்த கம்பம்போல் அது நின்றது.

முதல் காட்சியில் ஒரு பெண்
வாளியோடு நடக்கிறாள்.
நடக்கிறாள்.
அப்புறமும் நடக்கிறாள்.
"வாளி காலியாத்தான் இருக்கு"
என் காதில் தமயந்தி.
பின்வரிசை உஸ் என்றது.
முறுக்கை நாக்கில் ஊறவைத்துச்
சத்தமில்லாமல் கரைத்தோம்,
உயர்நிலை இரண்டில்
நன்னெறி வகுப்பில் செய்ததைப்போலவே.
அவள் மடியில் கைப்பேசி அதிர்ந்து
'பெர்த் மகள்' என்று ஒளிர்ந்தது.
கவிழ்த்து வைத்தாள்.

அந்தப் பெண்ணும் இன்னொருத்தியும்
சமையலறை மேசையில்
எதிரெதிரே உட்கார்ந்தபோதுதான்
திரையின் அடியில் எழுத்து நின்றுபோனது.
யாரோ எழுந்து ஓடினார்கள்,
இயந்திர அறைக்கு.
படம் நிற்கவில்லை.
பதினொரு நிமிடம்,
அரங்கில் ஒருவருக்கும் தெரியாத மொழியில்
இரண்டு பெண்கள் பேசிக்கொண்டேயிருந்தார்கள்.

ஒருத்தி கத்திமுனையால் மேசையைச் சுரண்டினாள்.
மற்றவள் விரல்விட்டு எண்ணினாள்.
மூன்று, நான்கு,
நிறுத்திவிட்டு சன்னலைப் பார்த்தாள்.
செத்த பிள்ளைகளைத்தான் எண்ணுகிறாள் என்று
நான் தீர்மானித்துவிட்டேன்.
பென்சில்காரன்கூட அசையவில்லை.

திரும்பினால், தமயந்தி அழுகிறாள்.
விசும்பல் கிடையாது.
குளிருக்கென்று கொண்டுவந்த சால்வை நுனியால்
மூக்கை மட்டும் துடைத்தபடி.
முப்பத்தைந்து வருடத்தில்
அவள் அழுது பார்த்தது இரண்டே முறை.
அப்பா போன அன்று.
கார் ஓட்டும் தேர்வில்
மூன்றாம் தடவை தோற்ற அன்று.
என்ன புரிந்தது உனக்கு என்று
கேட்க நினைத்தேன். முறுக்கை நீட்டினேன்.

படம் முடிந்து, சுவர் அகலத்துக்கு
இயக்குநரின் முகம், காணொளியில்.
அடிக்கடி வாய் பிளந்து உறைந்துபோனார்.
"அந்த ஆடு எதன் குறியீடு?"
"அங்கே ஆடு இருந்தது."
ஒரு மாணவி எழுந்தாள்:
"எழுத்து வராத காட்சியில்
என்ன பேசினார்கள்?"
அவர் யோசித்தார், அல்லது உறைந்திருந்தார்.
"உருளைக்கிழங்கு.
மூட்டை என்ன விலைக்குப் போகும் என்று.
வேறொன்றுமில்லை."

அரங்கே சிரித்தது.
எல்லாரையும்விட தமயந்தி,
கொஞ்சம் கூடுதல் நேரம்.

வெளியே மழை விட்டிருந்தது.
கோப்பிக்கடைக்காரர் முக்காலிகளை
ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிக்கொண்டே
இன்னும் பத்து நிமிடம் என்று
கையால் சொன்னார்.
அவளுக்கு கோப்பி ஓ. எனக்கு கோப்பி பெங்.
வாளி ஏன் காலி என்பதில்
மூன்று நிமிடம் சண்டை.
அதற்குப் பிறகு, குவளையைப் பார்த்தபடி:

"ஈசூன் வீடு முடிஞ்சுபோச்சு."
"எவ்வளவுக்கு?"
"ஐந்நூற்று எண்பதாயிரம்.
அறுபதுலதான் நின்னாங்க, நான் விடல.
ஏஜெண்டுக்கு ரெண்டு விழுக்காடு."
விரல் மடக்கினாள்.
"லாயர். வங்கிப் பாக்கி.
அலமாரிக்கு ஒண்ணும் தரமாட்டாங்களாம்..."
நான்காவது விரலில் நிறுத்திவிட்டு
சாலையைப் பார்த்தாள்.
காலியான பேருந்து ஒன்று
எல்லா விளக்கும் எரியப் போனது.

"கூடக் கேட்டிருக்கலாமோ?"
"இல்ல, நல்ல விலைதான்" என்றேன்.
"நல்ல விலைதான், இல்ல?"
"நல்ல விலை."

பிளாஸ்டிக் கரண்டியின் காம்பால்
மேசையைச் சுரண்டிக்கொண்டிருந்தது
என் கைதான் என்று
அப்போதுதான் பார்த்தேன்.