இந்தா

இந்த முறை பேர் வைக்க மாட்டேன் என்று
ரீத்தாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.
"ரெண்டே வாரம்க்கா" என்றாள்.
அவளுடைய வாரத்துக்கு எத்தனை நாள் என்று
எனக்குத் தெரியும்.

ரிங் ரோட்டில், மண்டேலா நகர் பக்கம்
லாரி தட்டிவிட்டுப் போன நாய்.
தல்லாகுளம் மாட்டாஸ்பத்திரியில்
பின்னங்கால் ஒன்றுக்கு மாவுக்கட்டு.
வாழைப்பழ அட்டைப்பெட்டியில் உட்கார்ந்து
செல்லூரில் என் மாடிப்படி ஏறி வந்தது.
வீட்டுக்கார மெர்சியம்மா எட்டிப் பார்த்தார்.
"இதுவும் போயிருமா?"
"போயிரும்."
நாலு வருஷமாக எங்களுக்குள்
வாடகை ஒப்பந்தம் இவ்வளவுதான்.

பேர் வைத்துக் கெட்டவள் நான்.
பவுனு என்று ஒரு பூனை.
அது உசிலம்பட்டிக்குப் போன அன்று
கழுவிக் கவிழ்த்த குக்கரை
மூன்று நாள் நிமிர்த்தவில்லை.
கோர்ட்டுக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடையில்
யாருடைய பாகப்பிரிவினைப் பத்திரத்தையோ
நாற்பது காப்பி கூடுதலாக எடுத்தேன்.

அதனால் இதற்குப் பேரில்லை.
மருந்துச் சீட்டில்: நாய், ஆண், பழுப்பு.
காசிம் கடைக் கோழிக்காலை
மஞ்சள் மட்டும் போட்டு வேகவைத்து
சோற்றில் பிசைந்து, "இந்தா."
மாத்திரையை இட்லிக்குள் ஒளித்து, "இந்தா."
இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையை
என் செருப்பில் துப்பும்.
துடைத்து, மறுபடி, "இந்தா."
நடுராத்திரி கால் குடைந்து அழும்போது
கொடுக்க ஒன்றுமில்லாமல்
கையை நீட்டி, "இந்தா."
அதில் மூக்கை வைத்துத் தூங்கிவிடும்.
கை மரத்துப் போனாலும்
நான் புரண்டு படுக்கவில்லை.

ரெண்டு வாரம் ஏழு வாரமானது.
கட்டுப் பிரித்தார்கள். நடந்தது.
நொண்டித்தான், ஆனாலும்
மொட்டைமாடிக் கொடியில் காய்ந்த
மெர்சியம்மாவின் உள்பாவாடையை
எனக்குக் கொண்டுவந்து தருமளவுக்கு.
தண்ணி லாரி வந்திருச்சு என்று
கீழேயிருந்து யாராவது கூப்பிட்டால்
"இந்தா வாரேன்" என்பேன்.
பாயிலிருந்து அது எழுந்து நிற்கும்.
காது கூர்மையான நாய் என்று
நினைத்துக்கொண்டேன்.

வாடிப்பட்டியிலிருந்து வந்தார் தவமணி,
ஈபியில் லைன்மேன்.
கையில் புதுச் சங்கிலி, விலைச் சீட்டு கிழிக்காமல்.
"எந்நேரமும் கட்டியா போடுவீங்க?"
சங்கிலி அவர் முதுகுக்குப் பின்னால் போனது.
"தீபாவளி வெடிக்கு எங்க ஒளிச்சு வைப்பீங்க?"
"நீங்க ஊருக்குப் போனா?"
எனக்கே வெட்கம் வரும்வரை கேட்டேன்.
அவர் ஒன்றுதான் சொன்னார்.
"மழை காத்துன்னா நான் கம்பத்துல நிப்பேன்.
வீட்ல பாப்பா தனியா இருக்கும்.
கரண்டும் இருக்காது."

தூக்கி நீட்டினேன்.
"இந்தாங்க."

அவர் கைக்குப் போன நாய்
சட்டென்று கழுத்தைத் திருப்பியது,
கூப்பிட்டியா என்பதுபோல்.
என் கை ரெண்டும்
நீட்டியது நீட்டியபடி.

ஒன்பதாம் நாள் ராத்திரி போன்.
"சீசர்னு வச்சோம், திரும்பவே மாட்டேங்குது.
டைகர்னு பாத்தோம், மணின்னு பாத்தோம்.
பாப்பா அவ பேரக்கூட சொல்லிப் பாத்துட்டா.
நீங்க எப்பிடிக் கூப்பிடுவீங்க?"

சொல்ல நாக்குக் கூசியது. சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை.
"எங்க, நீங்களே ஒருக்கா சொல்லுங்க" என்று
போனை அதன் காதில் வைத்திருக்க வேண்டும்.
மூச்சு கேட்டது.
ஈர மூக்கு உரசுவதும் கேட்டது.
நான் வாயைத் திறக்கவில்லை.
மூச்சு தள்ளிப் போனதும்
"நீங்க கூப்பிடுங்கண்ணே" என்றேன்,
"வெறுங்கையோட மட்டும் கூப்பிடாதீங்க."

இனி வாடிப்பட்டியில் அந்த வீட்டில்
பாப்பா உப்பை நீட்டினாலும்
பத்திரிகை வைக்க வந்தவர் தட்டை நீட்டினாலும்
கைமாற்று வாங்கியவர் திருப்பித் தந்தாலும்
யாருக்கோ யாரோ
எதைக் கொடுத்தாலும்
அது எழுந்து வந்து நடுவில் நிற்கும்,
ஒரு காலைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு.